துரிஞ்சல் செட்டியாரும் பூட்டிய அறையும்

கல்லூரியில் நினைவு மலர் போடுகிறார்கள். விலங்கியல் துறைப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "நீங்க செட்டியார்கூட வேலை பாத்தவுக, ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு உளியைப் பிடித்தவன், எழுத்து வராது என்றேன். "பேசுற மாதிரி எழுதுங்க, நாங்க திருத்திக்கிறோம்" என்றார்கள். திருத்தக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவர் படத்தைக் கல்லூரி மியூசியத்தில் திறந்துவைத்தார்கள். நானும் போயிருந்தேன். படத்தில் அவர் தோளில் ஒரு கிளி உட்கார்ந்திருக்கிறது. அவர் கிளியைத் திரும்பிக்கூடப் பார்த்தவர் இல்லை. "கிளியப் பாக்க ஊருல ஆளு கெடக்கு" என்பார். வௌவால் வரைந்தால் மங்களமாக இருக்காது என்று கமிட்டியில் பேசி முடிவு செய்தார்களாம். கீழே 'முன்னோடி இயற்கையியலாளர்' என்று எழுதியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஊர் வைத்த பெயர் துரிஞ்சல் செட்டியார். பழம் தின்னாமல், வீட்டுக்குள் இருட்டில் தொங்குகிற வௌவாலை எங்கள் பக்கம் துரிஞ்சல் என்போம். பெயர் வைத்ததோடு ஊரின் வேலை முடிந்தது.

கோட்டையூரில் பெரிய வீட்டுப் பிள்ளை அவர். தொழில் பழக மலேயாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் போனவர்கள் தேக்கும் பீங்கானும் கொண்டுவந்து இறக்குவார்கள். இவர் ஒரு பெட்டி நிறைய வௌவால் தோல் கொண்டுவந்தார். பெண் கொடுக்கப் பேச வந்தவர்கள் முன்னாலேயே அந்தப் பெட்டியைத் திறந்தாராம். வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, அவரும் தேடவில்லை. அவர்கள் வழக்கத்தில் கல்யாணம் ஆனால்தான் ஆணுக்குக் கோயில் வரிக் கணக்கில் ஒரு புள்ளி. புள்ளி இல்லாதவர் பேச்சு பங்காளிகள் கூட்டத்தில் ஏறாது. ஊரில் எத்தனை வௌவால் என்று எண்ணிக்கொண்டிருந்தவர் ஊர் எண்ணிக்கையில் இல்லை.

அந்த வீட்டு மரவேலை எல்லாம் எங்கள் வகையறா செய்வது. அறுபதுகளின் தொடக்கத்தில், தோல் வைக்க ஒரு பெட்டி வேண்டும், எறும்பு நுழையக்கூடாது என்று என்னைக் கூப்பிட்டார். செய்து கொடுத்தேன். ஒரு கட்டெறும்பைப் பிடித்து உள்ளே விட்டு மூடினார். மறுநாள் போனால் எறும்பு மூடிமேல் நடந்துகொண்டிருக்கிறது.

"ஆசாரி, நீ செஞ்சது பெட்டியில்ல, சத்திரம்" என்றார்.

மறுபடி செய்தேன். இந்தத் தடவை எறும்பு உள்ளேயே செத்தது. அதற்கு ஒரு நிமிடம் தலையைக் குனிந்து நின்றுவிட்டு, "இனி இங்கயே இரு" என்றார். இருந்துவிட்டேன். தோலை உரித்துக் கெடாமல் பாடம் பண்ணுவது, இறக்கையைப் பலகையில் விரித்துக் குண்டூசி குத்துவது, பஞ்சு திணிப்பது எல்லாம் அவர் காட்டி நான் படித்தவை. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரத்தை இழைத்தவனுக்குத் தோல் ஒரு வேலையா? நாற்றம் மட்டும் புதிது.

அவர் வேலை பார்த்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். பங்காளிக்கு ஓர் அறை, அவரவர் பூட்டு, அவரவர் சாவி. பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. பூட்டுகள்தான் குடியிருந்தன. மேற்கு ஓரத்து அறையில், கதவுக்கு மேலே காற்றுக்காக விட்ட துவாரம் வழியாகத் துரிஞ்சல்கள் போய்வந்தன. பெரிய காதுள்ள ஜாதி. பகலெல்லாம் பூட்டிய அறைக்குள் தொங்கும். பொழுது சாயும்போது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

செட்டியார் சாயங்காலம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வளவில் நாற்காலி போட்டு உட்காருவார். எச்சம் விழாமல் இருக்கத் தலைக்குமேல் கறுப்புக் குடை. மழை இல்லாத ஊரில், வீட்டுக்குள்ளே, குடை. மடியில் புளியங்கொட்டை, காலடியில் பித்தளைச் சட்டி. ஒரு துரிஞ்சல் வெளியேறினால் ஒரு கொட்டை சட்டியில் விழும். கண்ணை எடுக்கமாட்டார், பேசமாட்டார். தெருவில் போகிறவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "செட்டியாரே, வசூல் எப்படி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவருக்குக் காதில் விழாது. விழுந்தாலும் விழாது.

ஒரு வழக்கம் அவருக்கு. துரிஞ்சல்களை மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். "இன்னும் அவுக வரல." "நேத்து அவுக தவளை சாப்பிட்டிருக்காக." பங்காளிகளைப் பற்றிப் பேசும்போது, "அந்தப் பய என்ன சொல்றான்?" என்பார். யாருக்கு எது தகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் துரிஞ்சல்கள் இரையைப் பிடித்த இடத்தில் தின்னாது. வளவுத் தாழ்வாரத்துக்கு எடுத்துவந்து, உத்திரத்தில் தொங்கிக்கொண்டு தின்னும். அதனால் உத்திரத்துக்கு நேர் கீழே அவருடைய சலவை வேட்டி ஒன்றை விரித்துவைப்போம். விடிந்ததும் நான் அதன்மேல் விழுந்து கிடப்பதை இடுக்கியால் பொறுக்குவேன். எலி வால், தவளைக் கால், பல்லித் தலை, கரப்பான் இறக்கை, சிட்டுக்குருவி இறகு. வகைவகையாகப் பிரிக்க வேண்டும். பிரிக்க ஒரு பெட்டி வேண்டுமே என்று தேடியவர், அடுப்படியில் இருந்த அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். கடுகு இருந்த அறையில் எலி வால். சீரகம் இருந்த அறையில் தவளைக் கால்.

பெட்டி அலமேலு ஆச்சியுடையது. ஆச்சி அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி. வீட்டில் நிரந்தரமாக இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். ஆச்சி ரசம் வைக்கப் போய்ப் பெட்டியைத் திறந்தார். அன்றிலிருந்து செட்டியாரோடு பேச்சு இல்லை. நான் தேக்கில் புதுப் பெட்டி செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். "அதையும் அவுகளே வச்சுக்கிடட்டும், ஒண்ணுல வாலு, ஒண்ணுல தலைன்னு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தெரியாத்தனமாக எடுத்துவிட்டேன் என்று செட்டியார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அவுக ரசத்துக்குச் சீரகம் வேற எங்கயும் கெடைக்காதா?" என்றார். வௌவாலை அறிந்த அளவுக்கு அவருக்கு மனுசர் பிடிபடவில்லை.

அவர் கண்டுபிடித்தது இது: இந்தத் துரிஞ்சல் பழமும் தின்னாது, இரத்தமும் குடிக்காது, எலியும் தவளையும் தின்னும். சித்திரையில் குட்டி போடும். குட்டி சிறியதாக இருக்கும்வரை தாய் சுமந்து திரியும். பிறகு அறையில் தொங்கவிட்டுவிட்டு இரைக்குப் போகும், திரும்பி வந்து பால் கொடுக்கும். ஆடி வாக்கில் குட்டி தானாகப் பறக்கும். இங்கிலீஷில் எழுதிப் பம்பாயில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். அங்கே அச்சடித்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் பாராட்டிக் கடிதம் போட்டார். காரைக்குடியில் ஒரு நாள் இதைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டார். மழை பெய்ததால் கொஞ்சம் கூட்டம் வந்தது. மழை விட்டதும் நானும் வாட்ச்மேனும் மிஞ்சினோம். வாட்ச்மேன் சாவிக்காகக் காத்திருந்தார்.

இனி அந்த வைகாசிக்கு வருகிறேன்.

பங்காளிகளில் மூத்தவர் சென்னையில் இருந்தார். பெரிய செட்டியார் என்போம். அவர் மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கே இருந்தாலும் கல்யாணத்தைப் பூர்வீக வீட்டில்தான் வைக்க வேண்டும், அது வழக்கம். காரில் வந்து இறங்கினார். வளவில் நின்று அண்ணாந்து பார்த்தார். எச்சம் ஒன்று சட்டையில் விழுந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"ஆசாரி, அந்த மேற்கு அறை ஓட்டைய அடைச்சுரு. கொல்ல வேணாம், பாவம். பொழுது சாய எல்லாம் வெளிய போனப்பறம் பலகைய வச்சு ஆணி அடி. திரும்பி வந்து பாத்துட்டு வேற வீட்டுக்குப் போயிரும்."

அவருக்கு அதில் ஒரு தர்மம் செய்த திருப்தி. நான் ஏணி போட்டுத் துவாரத்தை அளவெடுத்தேன். அளவெடுக்கும்போதே உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று கேட்டது. இறங்கிப் போய்ச் செட்டியாரிடம் சொன்னேன். குடையை மடக்கினார். பொழுது சாயும் நேரத்தில் அவர் குடையை மடக்கி நான் பார்த்தது அன்றுதான்.

பங்காளிகள் எல்லாரும் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"அடைக்கக்கூடாது. உள்ள குட்டிக இருக்காக. ஆத்தா வெளிய, குட்டி உள்ள ஆயிரும்."

"குட்டியா?" என்றார் பெரிய செட்டியார். "பறக்கிறது முட்டையில்ல போடும்? நீ எந்த ஊரு வவ்வாலச் சொல்றே?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர், "சாப்பிட்ட வாயாலயே கழிக்கிற சாதி, அதுக்குப் போயி வக்காலத்து" என்றார்.

"அது வவ்வால் இல்லப்பா" என்றார் செட்டியார். "அப்படிச் செய்யிறவுக நாற்காலி போட்டு உக்காந்திருக்காக."

சிரிப்பு நின்றது. பெரிய செட்டியார் முகம் கறுத்தது. "புள்ளி இல்லாத ஆளுக்கு இந்தச் சபையில என்ன பேச்சு? குட்டி இருக்குன்னா காமி, பாப்போம். இல்லன்னா நாளைக்கு ஆணி அடிக்கணும். ஆசாரி, உனக்குச் சோறு போடுறது மரமா, வவ்வாலா?"

"மரந்தாங்க" என்றேன். "பலகை அறுத்து வச்சிருக்கேன்."

வேறு என்ன சொல்ல? கல்யாண வேலை முழுக்க என் கையில். அந்த வீட்டை விட்டால் அவர்கள் பங்காளி வீடு எதிலும் நான் ஏணி சாத்த முடியாது.

குட்டியைக் காட்ட அறையைத் திறக்க வேண்டும். அந்த அறை ஆச்சியின் பங்கு. ஆச்சியின் புருசன் ஜப்பான் சண்டைக்கு முன்னால் பர்மா போனவர். சண்டை வந்தது, முடிந்தது. அவர் வரவில்லை, செத்த சேதியும் வரவில்லை. ஆச்சி தாலியைக் கழற்றவில்லை. கோயில் வரியில் ஆச்சியை முழுப்புள்ளி என்பதா, கைம்பெண்ணுக்குரிய அரைப்புள்ளி என்பதா என்று பெரியவர்கள் வருடா வருடம் பேசுவார்கள், பந்தி போட்டதும் மறந்துவிடுவார்கள். போகும்போது புருசன் பூட்டிச் சாவியைக் கொடுத்த அறை. உள்ளே ஆச்சி கொண்டுவந்த சீர்ச் சாமான். "பூட்டினவுக வந்து தெறக்கட்டும்" என்று ஆச்சி அதைத் திறந்ததே இல்லை. சாவி முந்தானையில் கிடந்தது.

மறுநாள் காலையில் செட்டியார் அடுப்படி வாசலுக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். ஆச்சி அரிவாள்மணையில் வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அண்ணமிண்டி" என்றார் செட்டியார். அண்ணன் மனைவியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆசாரி, யாரு வந்திருக்காக?" என்றார் ஆச்சி.

"செட்டியாருங்க."

"கடுகு டப்பா மேல இருக்கு, எட்டாதுன்னு சொல்லு."

"சாவி வேணும்" என்றார் செட்டியார்.

"எதுக்குன்னு கேளு ஆசாரி."

நான் யாரிடம் கேட்பது? இரண்டு பேருக்கும் நடுவில் தூண் மாதிரி நின்றேன். செட்டியாரே சொன்னார். இன்று சாயங்காலம் அடைக்கப் போகிறார்கள், குட்டி இருப்பதைக் காட்டினால்தான் நிற்கும் என்றார்.

"குட்டி செத்தா எனக்கு என்னவாம்? கேளு ஆசாரி. எஞ் சாமான் பூராத்தையும் அசிங்கம் பண்ணி வச்சிருக்குமில்ல? அதுக்கு நான் வெளக்கேத்தி வைக்கணுமா?"

செட்டியார் கூட்டத்தில் கட்டுரை படிக்கிற அதே குரலில் சொன்னார்.

"பொழுது சாய ஆத்தா போவாக. திரும்பி வந்தா வழி அடைச்சிருக்கும். உள்ள குட்டி கத்துறது வெளிய கேக்கும். ஆத்தா வந்து பலகையில முட்டுவாக. போவாக, மறுபடி வருவாக, முட்டுவாக."

அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

"எத்தன நாளைக்கு?" என்றார் ஆச்சி. என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து.

"தெரியாது. நான் பாத்ததில்ல."

"வருசக் கணக்கா குடையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தீகளே, இது தெரியாதா?"

"தெரியாது அண்ணமிண்டி."

ஆச்சி கையைக் கழுவினார். முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. சாவியைக் கொடுக்கவில்லை. தானே எழுந்து முன்னால் நடந்தார்.

பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். இறுகிப் போயிருந்தது. பங்காளிகள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றார்கள். கதவு திறந்தது. நாற்றம் முதலில் வந்தது. கண் பழகியதும், பித்தளை அண்டா, வெள்ளிக் குத்துவிளக்கு, ஷாங்காய்ப் பீங்கான் வரிசை, ஜப்பான் தட்டுகள் எல்லாம் அடுக்கினது அடுக்கினபடி, எச்சம் போர்த்திக் கிடந்தன. மேலே உத்திரம் முழுக்கத் துரிஞ்சல். தாய் தலைகீழாகத் தொங்க, குட்டி அதன் அடிவயிற்றைக் கவ்விக்கொண்டு, நம்மைப் போலத் தலை மேலே இருக்க, ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல. பார்த்த இடமெல்லாம்.

"இது குட்டி" என்றார் செட்டியார். "பால் குடிக்கிறாக."

பெரிய செட்டியார் தொண்டையைக் கனைத்தார்.

"சரி, குட்டிதான். அதுக்காகக் கல்யாணம் நிக்குமா? ஆசாரி, பலகைய எடு."

நான் பார்த்ததில் இதுதான் பெரிய பாடம். குட்டியைக் காட்டினால் நிற்கும் என்று செட்டியார் நம்பினார். படித்தவர், அப்படித்தான் நம்புவார். குட்டி இருக்கிறதா இல்லையா என்பது பெரிய செட்டியாருக்கு எந்தக் காலத்திலும் கேள்வி இல்லை. செட்டியாரிடம் இருந்தது அவ்வளவுதான்.

ஆச்சி நிலைப்படியில் நின்றார்.

"இந்த அறை என் பங்கு. நிலை, கதவு, மேல இருக்கிற ஓட்டை எல்லாம் என் பங்கு. ஆணி அடிக்கணும்னா பூட்டினவுககிட்டக் கேட்டுட்டு வாங்க."

"ஆச்சி, நடக்கிற பேச்சாப் பேசுங்க. அவரு எங்க..." என்று பெரிய செட்டியார் இழுத்தார்.

"எங்க? சொல்லுங்க. செத்துப் போனாருன்னு சொல்லணுமா? சொல்லுங்க. இத்தன வருசமா ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல. இன்னிக்குப் பங்காளிக எல்லாரும் நிக்கிறீக, பெரியவுக உங்க வாயால சொல்லுங்க. நான் இங்கயே தாலிய அறுக்குறேன். பங்காளி சாவு, எல்லாருக்கும் தீட்டு. தீட்டுக் கழிச்சுக் கல்யாணத்துக்கு வேற நாளு பாத்துக்கங்க."

வாசலில் பந்தல்கால் நட்டாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு காரைக்குடியில் வந்து இறங்கியாகிவிட்டது. பெரிய செட்டியார் வாசல் பக்கம் திரும்பிப் பந்தலைப் பார்த்தார். செட்டியார் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், மடியில் புளியங்கொட்டை இருந்தால் ஒன்று போட்டிருப்பார்.

"நான் எதுக்கு அப்படிச் சொல்லப்போறேன்?" என்றார் பெரிய செட்டியார் கடைசியில். "அவரு நல்லாயிருக்கட்டும். ஆசாரி, பலகைய வேற எதுக்காச்சும் வச்சுக்க."

மணவறைக்கு முக்காலி செய்தேன்.

அவர்கள் போன பிறகு ஆச்சி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். விளக்கின்மேல் இருந்த எச்சத்தை விரலால் தொட்டார். "எங்கப்பச்சி சாமான் ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து அடுக்கினாக" என்றார். "போகட்டும். புள்ள பெத்தவுக யாராச்சும் பொழங்குனாகளே." பிறகு செட்டியாரிடம் நேராகவே சொன்னார்: "சாவி கதவுலயே இருக்கும். வந்து பாத்துக்கங்க. சாமான் மேல துணியப் போடுங்க. அஞ்சறைப் பெட்டிப் பக்கம் மட்டும் வரப்படாது."

கல்யாணம் நடந்தது. பெண் அழைப்பு நேரத்தில், நாயனம் உச்சத்தில் இருக்கும்போது, துரிஞ்சல்கள் கூட்டமாகப் பந்தலுக்கு மேலே போயின. சம்பந்தி அண்ணாந்து பார்த்து என்னவென்று கேட்டார். பெரிய செட்டியார் கொஞ்சமும் தயங்கவில்லை.

"இவுக எல்லா வீட்டுலயும் தங்கமாட்டாக. பூர்வீகமா வாழ்ந்த வீடாப் பாத்துத்தான் வருவாக."

தூணுக்குப் பின்னால் குடைக்கடியில் உட்கார்ந்திருந்த செட்டியார் அதைக் கேட்டார். "ஆசாரி, பய மரியாதை கத்துக்கிட்டான்" என்றார்.

எழுபதுகளில் செட்டியார் சிபாரிசில் கல்லூரி மியூசியத்தில் அட்டெண்டர் ஆனேன். நான் பாடம் பண்ணிய துரிஞ்சல்கள் எனக்கு முன்பே அங்கே சேர்ந்திருந்தன. ஆச்சி முதலில் போனார், தாலியோடு. முழுப்புள்ளியாகவே எடுத்தார்கள். அரைப்புள்ளி என்று சொல்ல அன்றைக்கும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. செட்டியார் பிறகு போனார். குடையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டைப் பங்காளிகள் பிரித்துத் தூண், கதவு, நிலை என்று விற்றுவிட்டார்கள். துரிஞ்சல்கள் எங்கெங்கோ போய், கொஞ்சம் மியூசியத்துக்கு வந்தன. பழைய கட்டடம், மேலே துவாரம் உண்டு.

படத்திறப்பு அன்று பெரிய செட்டியாரின் மகன்தான் தலைமை. "எங்கள் குடும்பமே அவருடைய ஆராய்ச்சிக்குத் தோள் கொடுத்தது" என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தோளில் கிளிதானே இருக்கிறது, இடம் இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஆசாரி, படத்து மேல வவ்வால் அசிங்கம் பண்ணிரும்போல இருக்கு. அந்த மேல் ஓட்டைக்கு ஒரு வலை அடிச்சுருங்க. சாயங்காலமா, எல்லாம் வெளிய போனப்பறம் அடிங்க. பாவம், கொல்லக்கூடாது."

"இது என்ன மாசம்?" என்றேன்.

"வைகாசி. ஏன்?"

"படத்துக்குக் குடை என்கிட்ட இருக்கு, கட்டித் தாரேன்" என்றேன். "வலைக்கு ஆடி பொறக்கட்டும்."